வைக்கோலிலிருந்து எரிசாராயம்

பஞ்சாப், ஹரியானா இராஜ்யங்களில் நெல் அறுவடைக்கும் கோதுமை விதைப்புக்கும் இடையே கிடைக்கும் அவகாசம் இரண்டு மூன்று வாரங்களே. யந்திரத்தால் அறுத்த வயலில் தாளும் வைக்கோலும் சிதறிக் கிடக்கின்றன. அவற்றை அகற்றக் கூலியும் காலமும் போதாமையால் குடியானவர்களில் பலர் தீயிட்டுவிடுகின்றனர். இதனால் ஊரெங்கும் புகை சூழ்வதன்றி, வைக்கோலிலுள்ள தழைச்சத்தும் அநேகமாய் முற்றிலும் காற்றோடு போய்விடுகிறது.

இவ்வைக்கோலுக்கு விலை கிடைக்க ஒரு வழி ஏற்பட்டிருக்கிறது. ஹரியானாவைச் சேர்ந்த பானிப்பட்டில் இந்தியன் ஆயில் கார்ப்பரேஷன் அமைத்த ஆலை 2022-ம் வருஷம் ஆகஸ்டு மாதம் 10-ந் தேதி திறக்கப்பட்டது. வருஷந்தோறும் சுமார் 2 லட்சம் டன் வைக்கோலைக் கொண்டு 3 கோடி லிட்டர் எத்தனால், அதாவது எரிசாராயம், எடுப்பது அதன் திட்டம். கணக்கிட்டால் டன்னுக்கு 150 லிட்டர் ஆகிறது. இது பெட்ரோலுடன் கலக்கப் பயன்படும்.

கரும்பாலைக் கழிவுப்பாகில் சர்க்கரை கரைந்தே இருப்பதால் ஈஸ்ட் அதை எளிதில் புளிக்கவைக்கும். வைக்கோலிலோ சர்க்கரையானது செல்லுலோஸ் என்னும் நாராகக் கட்டுண்டு, லிக்னின் என்னும் கடின வஸ்துவால் சூழப்பட்டிருக்கிறது. ஆதலால் வைக்கோலை நறுக்கி, அமிலம் சேர்த்து நீராவியில் வேகவைத்து, அக்கட்டைத் தளர்த்துகின்றனர். பின்னர் என்ஸைம்களைச் சேர்க்க, நார் சர்க்கரையாக மாறுகிறது. அதைப் புளிக்கவைத்து, வாலையிலிட்டு வடித்து, எஞ்சிய நீரையும் நீக்கினால் எரிசாராயம் கிடைக்கும். மிஞ்சும் லிக்னின் கொதிகலனுக்கு எரிபொருளாகும்.

வைக்கோலை விற்போர் கவனிக்கவேண்டியது ஒன்றுண்டு. ஒரு டன் வைக்கோலில் ஏறக்குறைய 5½ கிலோ தழைச்சத்தும் 25 கிலோ சாம்பல்சத்தும் அடங்கியுள்ளன. தீயிட்டால் சாம்பல்சத்தின் பெரும்பாகமேனும் நிலத்தில் தங்கும். விற்றாலோ அதுவும் வண்டியேறிவிடும். ஆகையால் கட்டுக்கூலி, வண்டிச்சத்தம் ஆகியவற்றோடு, இழந்த சத்தை ஈடுசெய்யும் உரத்தின் கிரயத்தையும் விலையில் சேர்த்துக் கணக்கிடுதல் அவசியம்.

சில வாரங்களில் சேரும் வைக்கோல் ஆலைக்கு ஆண்டு முழுவதும் வேண்டும். நனைந்த வைக்கோல் மக்கிப்போகும். உலர்ந்ததோ எளிதில் தீப்பற்றும். எனவே மேடான இடத்தில், வீடுகளுக்குத் தொலைவில், போர்களுக்கிடையே போதிய இடைவெளி விட்டு அடுக்குவதைக் கிராம அதிகாரிகள் கவனித்தல் வேண்டும்.

மாட்டுக்குத் தீனியாகும் வைக்கோல் கழிவாகாது. கால்நடைக்கும் நிலத்துக்கும் வேண்டியது போக மிஞ்சி, தீக்கு இரையாவதை மட்டும் ஆலைக்கு அனுப்புவதே இலாபகரமான முறையாகும்.