கணினியின் மறுபிறப்பும் முகவரிகளின் மீட்சியும்

மனிதனுடைய நினைவாற்றலுக்கு ஓர் எல்லை உண்டு. ஆகவே அவன் நினைவிற் கொள்ளவேண்டியவற்றுட் பலவற்றைப் பிறிதொன்றிடம் ஒப்படைத்து வாழப் பழகிக்கொண்டான். முன்னாளிலே சுவரில் தொங்கிய நாட்காட்டியும், மேசை லாச்சிக்குள் இருந்த முகவரிக் கொப்பியும் அத்தொண்டினைச் செய்தன. இந்நாளிலே அவை இரண்டும் கணினிக்குள்ளே குடிபுகுந்துவிட்டன. மகன் ரொறன்ரோவிலும் மகள் இலண்டனிலும் வாழ, யாழ்ப்பாணத்திலோ மட்டக்களப்பிலோ தனித்திருக்கும் முதியவர் ஒருவரை நோக்கி, பிள்ளைகளின் தொலைபேசி எண்கள் எங்கே, அடுத்த கிளினிக் நாள் எப்போது என்று வினவினால், அவர் கணினியையே சுட்டிக்காட்டுவார்.

அத்தகைய கணினியை ஒருநாள் புதிதாக ஆக்கவேண்டி நேரிடுகின்றது. நச்சுநிரல் புகுந்திருக்கலாம், இயக்கம் தளர்ந்திருக்கலாம், அல்லது பழைய பணிசெயல் முறைமையின் காலம் முடிந்திருக்கலாம். விண்டோஸ் 10 என்னும் முறைமைக்கு மைக்ரோசொஃப்ட் நிறுவனம் வழங்கிவந்த வழக்கமான ஆதரவு 2025 ஆம் ஆண்டு ஒக்டோபர் 14 ஆந் திகதி முடிவுற்றது. அதன் பயனாகப் புதிய முறைமையைத் தம் கணினியில் நிறுவ வேண்டிய நிலை பலருக்கு ஏற்பட்டது.

பணிசெயல் முறைமை என்பது கணினியின் உறுப்புகளையும் மென்பொருள்களையும் ஆண்டு நடத்தும் தலைமை நிரலாகும். அதனை மீள நிறுவும்போது, பழையது இருந்த இடம் பெரும்பாலும் துடைக்கப்படுகின்றது. இழந்த முறைமையை மறுபடியும் பெறலாம். மென்பொருளையும் மறுபடியும் பெறலாம். அவை உலகெங்கும் ஒரேவகையாகக் கிடைப்பன. ஆனால் ஒருவர் பத்தாண்டுக் காலமாகச் சேர்த்த முகவரிகளும் நாட்குறிப்புகளும் அவரிடமன்றி வேறெங்கும் இல்லாதவை. இடிந்த வீட்டைக் கட்டுதற்குக் கல்லும் சுண்ணாம்பும் கடையிற் கிடைக்கும். வீட்டினுள் இருந்த காணி உறுதி கடையிற் கிடைக்குமா?

எனவே, முதலில் எழ வேண்டிய வினா ஒன்றே. அத்தரவுகள் உண்மையில் எங்கே வாழ்கின்றன? கூகிள், அப்பிள் முதலிய நிறுவனங்களின் கணக்கிலே அவை பதிவாகியிருப்பின் கவலை குறைவு. புதிய முறைமையில் அக்கணக்கைச் சேர்த்தவுடன், தொலைவிலுள்ள சேவையகத்திலிருந்து முகவரிகளும் நாட்காட்டியும் தாமே வந்து நிரம்பும். அவ்வாறன்றி வீட்டுக் கணினியின் வட்டிலே மட்டும் அவை இருந்தால், வட்டைத் துடைத்த கணத்திலேயே அவையும் மறைந்துபோகும்.

இவ்விடத்திலே பலரை ஏமாற்றும் நிலையொன்று உண்டு. ஐமாப் என்னும் முறையில் மின்னஞ்சல் பெறுவோருக்கு, புதிய முறைமையை நிறுவியபின் பழைய கடிதங்கள் யாவும் திரும்பி வந்துவிடும். அது கண்டு, எல்லாம் மீண்டுவிட்டன என்று அவர்கள் மகிழ்வர். பின்னர் முகவரிப் பகுதியைத் திறந்தால் அது வெறுமையாய் இருக்கும். காரணம் எளிது. ஐமாப் என்பது கடிதங்களை மட்டும் ஏற்றியிறக்கும் முறை. முகவரிகளையும் நாட்காட்டியையும் அது சுமப்பதில்லை. பழைய வகை அவுட்லுக் மென்பொருள் அத்தகைய கணக்கின் நாட்காட்டிக்கு அருகில் ‘இந்தக் கணினியில் மட்டும்’ என்ற பொருள்படும் குறிப்பை இடுவதும் இதனாலேயே. அக்குறிப்பைக் கவனியாது விட்டவர் இழப்பது பெரிது.

அவுட்லுக்கில் இருவகைக் கோப்புகள் உண்டு. பி.எஸ்.டி. என முடிவது தனித்து நிற்கவல்லது; அதனை வேறொரு கணினிக்குக் கொண்டுசென்றும் திறக்கலாம். ஓ.எஸ்.டி. என முடிவது குறித்த கணக்கோடு பிணைக்கப்பட்ட நிழற்படி. அதனைப் புதிய முறைமையில் அவுட்லுக் நேரே திறவாது. ஆகையால் ஐமாப் கணக்கு உடையோர், பழைய முறைமை உயிரோடிருக்கும்போதே, முகவரிகளையும் நாட்காட்டியையும் பி.எஸ்.டி. கோப்பாக ஏற்றுமதி செய்துகொள்ளல் வேண்டும்.

தண்டர்பேர்ட் என்னும் மென்பொருளோ தன் செல்வம் அனைத்தையும் ஒரே கோப்புறையிலே வைக்கின்றது. அக்கோப்புறையை முழுமையாகப் படியெடுத்துப் பின் புதிய நிறுவலில் இணைத்தால், கடிதம், முகவரி, நாட்காட்டி ஆகிய மூன்றும் முன்பிருந்தவாறே தோன்றும். புதிதாக நிறுவும் தண்டர்பேர்ட் பழையதற்குச் சமமானதாகவோ பிந்தியதாகவோ இருத்தல் வேண்டும். எனினும் அக்கோப்புறை சாதாரணமாகக் கண்ணுக்குப் புலப்படாதவாறு மறைத்து வைக்கப்பட்டுள்ளது. படங்களையும் ஆவணங்களையும் கவனமாகப் படியெடுத்தவர்கூட இதனைத் தவறவிடுதல் இயல்பு. லினக்ஸ் முறைமையைக் கையாள்வோர், பயனரின் பகுதியை வட்டில் தனிக்கூறாக வகுத்திருப்பின், அக்கூறைத் துடையாமலே முறைமையை மட்டும் புதுப்பித்துக்கொள்ளலாம்.

ஒரு மென்பொருளை விட்டு இன்னொன்றுக்கு மாறுவோர்க்கும் வழியுண்டு. முகவரிகளைப் பரிமாறுதற்கு வீகார்ட் என்னும் பொதுவடிவம் 1990களின் நடுப்பகுதியில் உருவாயிற்று. நாட்காட்டிக்கான ஐகலெண்டர் என்னும் வடிவம் 1998 இல் இணையத்தின் பொதுநெறியாக வெளியிடப்பட்டு, 2009 இல் திருத்தியமைக்கப்பட்டது. இவை வெறும் எழுத்தாலான கோப்புகள். ஒரு நிறுவனத்தின் மென்பொருள் எழுதியதை மற்றொரு நிறுவனத்தின் மென்பொருள் வாசிக்க இவை துணைபுரிகின்றன.

காப்புப்படி எடாமலே முறைமையை நிறுவிவிட்டவர் யாது செய்தல் வேண்டும்? அவர் பதற்றத்தில் மேலும் மென்பொருள்களை வட்டில் ஏற்றலாகாது. புதிதாய் எழுதப்படுவது பழையதன் சுவட்டை அழித்துவிடும். விண்டோஸ் முறைமையை, வட்டைத் துடையாது நிறுவியிருப்பின், ‘விண்டோஸ்.ஓல்ட்’ என்னும் கோப்புறையிலே பழைய கோப்புகள் கிடக்கக்கூடும். ஆயின் பத்து நாட்கள் கழிந்தபின் முறைமை அதனைத் தானாகவே நீக்கிவிடும். ஆகவே முதல்நாளிலேயே அதனை வெளிவட்டொன்றிற் படியெடுத்தல் நன்று. அதுவும் இல்லையெனில் கைத்தொலைபேசியை நோக்குக. முன்னர் கணினியோடு அது இணைக்கப்பட்டிருந்தால், இழந்த முகவரிகள் அங்கே தப்பியிருத்தல் கூடும். அவற்றை முதலில் ஒரு வீகார்ட் கோப்பாக்கி வெளியே எடுத்து வைத்த பின்னரே, தொலைபேசியைப் புதிய கணினியோடு இணைத்தல் வேண்டும்.

தரவுகளை மீட்டு ஏற்றியபின் சோதிக்கவேண்டியவை மூன்று. முதலாவது, நேரவலயம். புதிய முறைமை வேற்றுநாட்டு நேரத்தைக் கொண்டிருந்தால், காலை ஒன்பது மணிச் சந்திப்பு நள்ளிரவிலே தோன்றும்; ஒருநாள் முழுவதற்குமான பிறந்தநாள் குறிப்பு இரு நாட்களிற் பரந்து நிற்கும். இலங்கையின் நேரமே 1996 இல் இருமுறை மாற்றப்பட்டு, 2006 ஏப்ரில் மாதத்தில்தான் பழைய ஐந்தரை மணிக் கணக்கிற்குத் திரும்பியது. ஆதலின் நேரவலயத்தை முதலிற் செம்மை செய்து, அதன்பின் நாட்காட்டியை ஏற்றுதல் முறையாகும்.

இரண்டாவது, தமிழ்ப் பெயர்கள். முகவரிகளை அட்டவணைக் கோப்பாகச் சேமிக்கும்போது ஒருங்குறியைத் தெரிவு செய்யாவிடின், தமிழெழுத்து ஒவ்வொன்றும் வினாக்குறியாக மாறிவிடும். மாறிய கோப்பிலிருந்து மூலப் பெயரை ஒருவராலும் மீட்க இயலாது. ஆகையால் பழையதைத் துடைக்குமுன், ஏற்றுமதி செய்த கோப்பை ஒருமுறை திறந்து பார்த்தல் இன்றியமையாதது.

மூன்றாவது, இரட்டிப்பு. ஐகலெண்டர் வடிவில் ஒவ்வொரு குறிப்பிற்கும் தனியடையாளம் உண்டு. அட்டவணைக் கோப்பில் அஃது இராமையால், இருமுறை ஏற்றினால் ஒவ்வொருவர் பெயரும் இருமுறை தோன்றலாம்.

இறுதியாக ஒன்று கூறவேண்டும். கணினியும் தொலைபேசியும் ஒன்றோடொன்று ஒத்தியங்குவதையே காப்பு எனப் பலர் கருதுகின்றனர். ஒத்தியக்கம் வேறு, காப்பு வேறு. ஓரிடத்தில் தவறுதலாக அழித்ததை ஒத்தியக்கம் எல்லா இடத்திலும் அழித்துவிடும். கூகிள் முகவரித் தொகுதியில் முப்பது நாட்களுக்கு முந்திய நிலைவரை மீளச் செல்லும் வசதி உண்டெனினும், அதற்குப் பின் கண்டறிந்த பிழைக்கு அது உதவாது. வேறாக வைக்கப்பட்டு, எவராலும் தொடப்படாத படியே காப்பாகும். மாதம் ஒருமுறை ஒரு வீகார்ட் கோப்பையும் ஓர் ஐகலெண்டர் கோப்பையும் சிறிய வெளிச்சேமிப்பில் எழுதிவைக்கச் சில நிமிடங்களே செல்லும். மிக வேண்டிய பத்து எண்களைக் கொப்பியொன்றிற் பேனாவால் எழுதிவைத்தலும் பழமையன்று. கண் கெட்ட பின் சூரிய நமஸ்காரம் செய்வதிலும், கண் உள்ளபோதே வழியைப் பார்த்து வைத்தல் அறிவுடைமை.