மலையின் அசைவை உணரும் ஒளியிழை

ஊவா மலைநாட்டில் தெமோதரையை அறியாதார் இலர். புகையிரதப் பாதை மலையைச் சுற்றியிறங்கித் தன் நிலையத்தின் அடியிலேயே சுரங்கவழி புகுந்து செல்லும் விந்தை அங்குண்டு. அப்பாதையையும், தேயிலைச் சரிவுகளில் அமைந்த லயங்களையும் தாங்கி நிற்பது மண்ணேயாகும். அம்மண் பெருமழையில் நிலைகுலைந்தால் விளைவது யாதென்பதை, இதே பதுளை மாவட்டத்து மீரியபெத்தைத் தோட்டத்தில் 2014 ஆம் ஆண்டு ஒக்டோபர் 29 ஆம் நாட் காலையிற் கண்டோம். லயங்கள் அங்கு வாழ்ந்த மக்களுடன் மண்ணுட் புதையுண்டன. மலையின் அசைவை முன்னறிவிக்கும் கருவி உண்டோ என்னும் வினாவுக்குப் பௌதிகவியல் தரும் விடைகளுள் ஒன்று ஒளியிழை.

ஒளியிழை மயிர்போன்ற கண்ணாடி நூல். அதன் விட்டம் பொதுவாக ஒரு மில்லிமீற்றரின் எட்டிலொரு பங்கு. உள்ளகத்தின் முறிவுச் சுட்டி உறையினதிலும் சற்று மிகையாதலால், உட்புகுந்த ஒளி வெளியேறாது நெடுந்தொலைவு செல்லும். பஞ்சாபிற் பிறந்த நரீந்தர் சிங் கபானி, ஹொப்கின்ஸ் என்பாருடன் கூடி, 1954 இல் இழைக்கற்றையால் உருவங்களைக் கடத்திக் காட்டினார்.

தொலைபேசிக்குரிய இழை, புறமாற்றங்களால் இயன்றவரை பாதிக்கப்படாதிருத்தல் வேண்டும். உணரிக்குரிய இழையோ அவற்றை உணர்ந்து உரைத்தல் வேண்டும். ஆதலின் அதன் உள்ளகத்தில் ஜேர்மேனியம் மிகுதியாகச் சேர்க்கப்படும். அதன்மீது ஊதாக்கடந்த கதிர்களைப் படச்செய்து, நுண்ணிய வரிகளைப் பதிப்பர். கண்ணாடியின் இவ்வொளியுணர்வை 1978 இல் கனடாவிற் கெனத் ஹில் என்பாரும் அவர் குழுவினரும் கண்டறிந்தனர். வரிகள் குறித்த ஓர் அலைநீளத்தை மாத்திரம் திருப்பியனுப்பும். இழை நீண்டால் வரிகளின் இடைவெளி கூடும். திரும்பும் அலைநீளமும் கூடும். மீற்றருக்கு ஒரு மில்லிமீற்றர் வீதம் இழை நீளுமாயின், 1550 நானோமீற்றர் அலைநீளம் ஏறத்தாழ 1.2 நானோமீற்றரால் மாறும்.

மலைச்சரிவில் ஆழத்துளையிட்டு, இழை ஒட்டிய குழாயை உறுதியான பாறைவரை இறக்குவர். மேல்மண் நகருமாயின் குழாய் வளையும். வளைந்த இடத்தை இழை காட்டிக்கொடுக்கும். வெவ்வேறு அலைநீளத்துக்குரிய பல வரித்தொகுதிகளை ஒரே இழையில் அமைத்தல் கூடுமாதலால், பல ஆழங்களின் நிலையை ஒருங்கே அறியலாம். துளையினுள் மின்னோட்டம் வேண்டியதில்லை. இடிமின்னல் மிகுந்த ஐப்பசி மாதத்தில் இது பெரும் நன்மையாகும்.

ஓர் இடர்ப்பாடும் உண்டு. வெப்பநிலை ஒரு பாகை உயர்ந்தாலும் அலைநீளம் ஏறத்தாழ 0.01 நானோமீற்றர் மாறும். அதனை மண்ணின் அசைவெனக் கொள்ளாதிருக்க, இழுபடாத மற்றோர் இழையை அருகில் வைத்து, அதன் மாற்றத்தைக் கழித்தல் வேண்டும்.

மழைமானி சரிவின் காரணத்தை அளக்கின்றது. ஒளியிழை சரிவின் தொடக்கத்தையே அளக்கின்றது. எனவே இரண்டும் வேண்டற்பாலன. ஆயினும் எச்சரிக்கை கேட்டவர்க்குச் செல்ல ஒரு பாதுகாப்பான இடமும், குடியேற உறுதியான நிலமும் இல்லையெனின் கருவியாற் பயன் சிறிதே. பௌதிகம் பயிலும் நம் மாணவர் முன்னதையும், உயர்பதவிகளில் அமர்ந்துள்ள பழைய மாணவர் பின்னதையும் தத்தம் கடனாகக் கொள்வாராக.