ஒலியைக் குவித்து ஒரு சிகிச்சை

குவிலென்சை வெயிலில் பிடித்தால், குவியத்தில் உள்ள தாள் கருகும், லென்சோ சுடாது. அறிவியல் வகுப்பில் நாம் காட்டும் இச்சோதனையின் கொள்கையே ஒரு சிகிச்சை முறைக்கும் அடிப்படை. அங்கே குவிக்கப்படுவது ஒளி அன்று, ஒலி. பெண்கள் வெளியே சொல்லத் தயங்கும் ஒரு தோல் நோய்க்கும் அது பயன்படுகிறது.

அந்நோயின் பெயர் லைக்கன் ஸ்கிளிரோசஸ். பிறப்புறுப்பின் வெளிப்புறத் தோல் வெளுத்து, மெலிந்து, எளிதில் வெடிக்கும். அரிப்பு இரவில் உறங்க விடாது. சிறுநீர் கழிக்கையில் எரியும். இது தொற்றுவதில்லை, சுத்தக் குறைவாலும் வருவதில்லை. மாதவிடாய் நின்ற பெண்களிடமும் பூப்பெய்தாத சிறுமிகளிடமும் அதிகம் காணப்படுகிறது. கவனிக்காமல் விட்டால் தழும்பு விழுந்து உறுப்பின் அமைப்பே மாறக்கூடும். பெரியவர்களில் சிலருக்குப் புற்றுநோயும் வரலாம்.

முதல் சிகிச்சை, மருத்துவர் மேற்பார்வையில் தடவும் குளோபீட்டசால் 0.05% களிம்பு. பெரும்பாலோருக்கு இதிலேயே அரிப்பு அடங்கும். அடங்காத பெண்களுக்குக் குவித்த மீயொலிச் சிகிச்சை அளிக்கும் முறை சீனாவில், குறிப்பாகச் சோங்சிங் நகரில், வளர்ந்தது.

20,000 ஹெர்ட்சுக்கு மேற்பட்ட, காதுக்குக் கேட்காத ஒலியே மீயொலி. கர்ப்பிணிகளுக்கு எடுக்கும் ஸ்கேனிலும் இதுவே பயன்படுகிறது. ஆனால் அங்கே செறிவு குறைவு. சிகிச்சைக் கருவியில் ஒலி அலைகள் மேல்தோலைக் கடந்து, சில மில்லிமீட்டர் ஆழத்தில் உள்தோலில் குவிகின்றன. அங்கே எழும் வெப்பம் பழுதான நுண்குழாய்களையும் நரம்பு நுனிகளையும் அழிக்கிறது. பின்னர் உடல் அவ்விடத்தைத் தானே புதுப்பிக்கும்போது அரிப்பு தணிகிறது.

இதற்கும் வரம்புகள் உண்டு. கொப்புளமும் தீப்புண்ணும் ஏற்படலாம். நோய் திரும்பவும் வரலாம். புற்றுநோய் இல்லை என்பதைத் திசுப் பரிசோதனையால் முதலில் உறுதி செய்ய வேண்டும். களிம்பு கேட்காத பெரியவர்களுக்கான வழியே தவிர, சிறுமிகளுக்கான முதல் சிகிச்சை அன்று. அவர்களுக்குக் களிம்பே போதுமானதாக இருக்கும், உரிய காலத்தில் தொடங்கினால்.

அந்த உரிய காலம் பல நேரம் நம் வகுப்பறையில்தான் கடந்து போகிறது. ஒரு சிறுமி இருக்கையில் நெளிகிறாள். சிறுநீர் கழிக்க அஞ்சுகிறாள். கை அடிக்கடி பாவாடைக்குப் போகிறது. ‘என்ன பழக்கம் இது?’ என்று எல்லோர் முன்னும் அதட்டினால், அவள் பிறகு யாரிடமும் சொல்ல மாட்டாள். ஆசிரியை ஒருவர் தனியே அழைத்து, ‘அங்கே அரிக்குதாம்மா?’ என்று கேட்டு, தாயிடம் தெரிவித்து, தோல் மருத்துவரிடமோ மகப்பேறு மருத்துவரிடமோ காட்டச் சொல்லலாம்.

மற்றொன்று: இந்நோயின் இரத்தக் கசிவும் காயமும் பாலியல் துன்புறுத்தலின் அடையாளம் போலத் தோன்றக்கூடும். எது என்று நாமே முடிவு கட்டக் கூடாது. துன்புறுத்தல் என்ற ஐயம் எழுந்தால் 1098 எண்ணுக்குத் தெரிவிப்பது நம் கடமை. நோயா, காயமா என்று சொல்ல வேண்டியவர் மருத்துவர்.

தழும்பு விழுந்த பின் பழைய தோலை எந்த ஒலியாலும் மீட்க இயலாது. அதற்கு முன்பே அவள் பேசும்படி நாம் நடந்துகொள்ள இயலும்.