பிளக் மாற்றியும் ஆட்டோ ஏன் நிற்கிறது?

இரண்டு ஸ்ட்ரோக் ஆட்டோக்களின் இறக்குமதி 2008இல் தடைசெய்யப்பட்டது. ஆனாலும் பதுளைத் தோட்டங்களில், இரவில் பிரசவ வலி கண்டவரை ஏற்ற லயத்துக்கு அந்தப் பழைய வண்டி வருவதுண்டு.

ஏற்றத்தில் சூடேறி நிற்கும், ஆறினால் ஓடும். பலர் பிளக்கை மாற்றுகிறார்கள். நான் முதலில் சந்தேகிப்பது கொயிலை. அதன் உள்ளே உள்ள மெல்லிய கம்பியின் காப்பு, சூட்டில் விட்டுக்கொடுக்கும்.

வண்டி நின்றவுடனே பாருங்கள். இஞ்சினில் உள்ள பிளக்கைக் கழற்றாமல், வேறொரு பிளக்கைத் தொப்பியில் மாட்டி, பெட்ரோல் கசிவில்லாத இடத்தில் இஞ்சின் உலோகத்தோடு தொடவைத்து ஸ்டார்ட் பண்ணுங்கள். சூட்டில் பொறி இல்லாமல், ஆறியபின் வந்தால் கொயிலோ சீடிஐயோ பழுது. மழையில் மட்டும் நின்றால் தொப்பியும் வயரும்.

முல்லைத்தீவுப் படகு இஞ்சினுக்கும் இதே சோதனைதான். அங்கே உப்பு எர்த் வயரை அரிக்கும், மண்ணெண்ணெய் பிளக்கில் கரி படியவைக்கும். ஆட்டோவையாவது இறங்கித் தள்ளலாம்.