பில் போடும் கணினி நெரிசலில் நிற்பது ஏன்?



தீபாவளிக்கு முந்திய வாரம் எங்கள் மண்டியில் மாலை நேரத்தில் பில் நின்றுவிட்டது. சரக்கு இருந்தது, வண்டிகள் காத்திருந்தன. கணினியோ 'இணைப்புகள் அதிகம்' என்று கைவிரித்துவிட்டது. இரண்டு மணி நேர வியாபாரம் போயிற்று.

பிறகு விவரம் கேட்டறிந்தேன். நமது கணக்கும் சரக்கிருப்பும் சர்வரில் உள்ள டேட்டாபேஸில் இருக்கின்றன. பில் போடும் கணினியும் ஆர்டர் எடுக்கும் செல்போனும் அதனுடன் இணைப்புப் பெற்றே வேலை செய்கின்றன. 'போஸ்ட்கிரஸ்' டேட்டாபேஸ் வழக்கமாக 100 இணைப்புகளையும், 'மைஎஸ்க்யூஎல்' 151 இணைப்புகளையும் ஏற்கும். அதற்கு மேல் வருபவரைத் திருப்பி அனுப்பிவிடும்.

அந்த எண்ணை 500 ஆக்கினால் போதாதா என்று நானும் கேட்டேன். போதாது. போஸ்ட்கிரஸ் ஒவ்வோர் இணைப்புக்கும் தனி ஆள் வைப்பது போன்றது. சும்மா நிற்கும் ஆளுக்கும் நினைவகத்தில் இடம் வேண்டும். நான்கு தராசு உள்ள கடையில் நாற்பது பேரை நிறுத்தினால் வியாபாரம் பெருகாது, இடிபாடுதான் பெருகும்.

எங்கள் சர்வரில் பெரும்பாலான இணைப்புகள் வேலை முடிந்தும் மூடப்படாமல் கிடந்தவை. இதற்கு வழி 'பூலிங்'. சில இணைப்புகளையே திறந்து வைத்து, ஒருவர் வேலை முடிந்ததும் அடுத்தவருக்குக் கொடுக்கும் முறை இது. போஸ்ட்கிரஸுக்கு 'பிஜிபவுன்சர்' என்ற இலவச மென்பொருள் இதைச் செய்கிறது. ஒரு பில்லைப் பதிய நொடிக்கும் குறைவான நேரமே ஆவதால், 20 இணைப்புகள் பலருக்கும் ஈடுகொடுக்கும்.

மென்பொருள் தருபவரிடம் கேளுங்கள்: நெரிசல் நேரத்தில் எத்தனை இணைப்புகள்? வேலை முடிந்ததும் மூடப்படுகின்றனவா? பூலிங் உண்டா? பண்டிகைக்கு முன்பே கேட்பது நல்லது.