சுவரிற் படரும் கருமை

நாஞ்சில் நாட்டில் வீடு கட்டிக் குடியிருப்போர் ஆண்டுதோறும் காணும் காட்சி யொன்றுண்டு. பங்குனியில் வெள்ளையடித்த சுவர், இடவப்பாதியில் தொடங்கும் தென்மேற்கு மழைக்கும் ஐப்பசி கார்த்திகையின் வடகிழக்கு மழைக்கும் ஆட்பட்டு, தை பிறக்கும்போது கரும்புள்ளிகளும் கருங்கோடுகளும் தாங்கி நிற்கும். வீட்டுக்காரர் மீண்டும் வெள்ளையடிப்பார். கருமையும் மீண்டும் தோன்றும். இக்கருமை யாது, அதனை நீக்குவது எங்ஙனம் என்பதை ஈண்டு ஆராய்வோம்.

வெளிச்சுவரின் கருமை பெரும்பாலும் உயிருள்ளது. அது நீலப்பச்சைப் பாசியினத்தைச் சேர்ந்த நுண்ணுயிர்களின் கூட்டமாகும். கடும் வெயிலினின்று தம்மைக் காத்துக்கொள்ளும் பொருட்டு அவற்றுட் பல, கரும்பழுப்பு நிறப்பொருளொன்றைத் தம் உறையிற் சேர்த்து வைக்கின்றன. ஆதலின் நனைந்த பொழுது பச்சைச் சாயல் காட்டும் அப்படலம், காய்ந்தபின் கரிபோலத் தோன்றும். அறைக்குள்ளே, அலமாரியின் பின்புறத்தில் காண்பதோ பூஞ்சணம். அது துடைத்தால் தூளாக உதிரும். புழுக்க நாற்றம் வீசும். அதன் நுண்விதைகள் ஆஸ்துமா உடையோரைப் பெரிதும் வருத்தும்.

தென்னையை அடுத்த சுவராயின் வேறொன்றையும் நோக்குக. 2016-ஆம் ஆண்டில் பொள்ளாச்சிப் பகுதியில் கண்டறியப்பட்ட சுருள் வெள்ளை ஈ, ஓலையின் சாற்றை உறிஞ்சித் தேன்போன்ற கசிவைக் கீழே சொரியும். அக்கசிவின்மேல் கரும்பூஞ்சணம் வளரும். இத்தகைய கறை சவர்க்கார நீருக்கே இளகிவிடும். ஆயினும் மரத்தைக் கவனியாது சுவரை மட்டும் கழுவுதல் வீண்வேலை. ஆணி, ஜன்னற் கம்பி ஆகியவற்றின் கீழ் ஒழுகும் கோடு இரும்புத் துருவாகும்.

இவற்றைப் பிரித்தறிய எளிய சோதனை யொன்று உண்டு. பிளீச்சிங் பவுடர் கரைத்துத் தெளிந்த நீரில் ஒரு துளியைக் கறையின்மேல் இடுக. சில நிமிஷங்களில் அவ்விடம் வெளிறினால் அது பாசி அல்லது பூஞ்சணம். வெளிறாவிடின் புகைக்கரியோ துருவோ ஆகும்.

புதிதாய் அடித்த சுண்ணாம்பில் பாசி பிடிப்பதில்லையே, ஏன்? நீற்றிய சுண்ணாம்பு கடுங்காரமுடையது. அதில் இவ்வுயிர்கள் பிழையா. நாளடைவில் அது காற்றிலுள்ள கரியமில வாயுவோடு கூடிச் சுண்ணாம்புக் கல்லாகவே மாறுகிறது. காரம் தணிந்ததும் பாசிக்கு இடம் கிடைத்துவிடுகிறது. உயிரோடிருக்கும் பாசியின்மேல் வெள்ளையடிப்பதால் அது சிறிது காலம் மறையுமேயன்றி அழிந்துபோகாது.

ஆகவே முதலிற் கழுவவேண்டும். ஒரு லிட்டர் நீருக்கு ஏறக்குறைய 30 கிராம் பிளீச்சிங் பவுடர் கரைத்து, தெளிந்த நீரை மட்டும் பூசி, கால்மணி நேரம் விட்டு, தென்னை நாரால் தேய்த்துக் கழுவலாம். கம்பித் தூரிகை ஆகாது. அது பூச்சையே பெயர்த்துப் பாசிக்குப் புதுக்குழிகள் தோண்டிக் கொடுக்கும்.

இங்கே ஓர் எச்சரிக்கை. ஒருமுறை நான், வேலை விரைவில் முடியுமென்றெண்ணி, இம்மருந்து பூசிய சுவரின்மேல் கக்கூஸ் கழுவும் ஆசிடையும் ஊற்றினேன். மறுகணமே கண் எரிந்து மூச்சு முட்டிற்று. முற்றத்துக்கு ஓடித் தப்பினேன். எழுந்தது குளோரின் வாயு. 1915-ஆம் ஆண்டில் ஈப்பர் போர்க்களத்தில் போர்வீரரைக் கொன்றதும் அதுவே. அடைத்த குளியலறையாயிருந்தால் இக்கட்டுரையை எழுத நான் இருந்திருப்பேனோ என்பது ஐயம்.

கழுவிய சுவர் நன்றாய்க் காய்ந்தபின் அடிக்கும் சுண்ணாம்பில் சிறிது மயில்துத்தம் சேர்ப்பது நற்பயன் தரும். 1885-இல் பிரெஞ்சு அறிஞர் மில்லர்தே திராட்சைக் கொடியின் பூஞ்சண நோய்க்கு அறிவித்த போர்தோ கலவையும் இவ்விரண்டின் சேர்க்கையே. நம் மாவட்டத்து ரப்பர்த் தோட்டங்களில் அதனை அறியாதார் இலர். துத்தத்தை இரும்பு வாளியிற் கரைக்கலாகாது. செம்பு வாளியிலேயே படிந்துவிடும்.

எனினும், ஈரம் ஓயாத சுவரில் எம்மருந்தும் நெடுநாள் நில்லாது. பத்மநாபபுரம் அரண்மனையைக் காணச் செல்வோர் மரவேலையை வியப்பர். ஓட்டுக்கூரை சுவரைக் கடந்து வெளியே நீண்டு இறங்குவதை நோக்குவோர் சிலரே. இறவாரமின்றி மொட்டைமாடி மட்டும் வைத்துக் கட்டும் இக்கால வீடுகளில் மழைநீர் சுவர் வழியே இறங்குகிறது. என் வீட்டு மேற்குச் சுவருக்கு இரண்டடி அகலத்தில் ஒரு தகரச் சாய்ப்பு இறக்கினேன். இரண்டு மழைக்காலம் கடந்தும் சுவர் வெண்மையாகவே இருக்கிறது. ஒரு மூலையில் மட்டும் கருங்கோடு. அங்கே மாடித் தொட்டியின் குழாய் ஒழுகுகிறது.