கோதாவில் பெண்கள்

நுழையும்முன்

உடல்வலிமை ஆணுக்குரியது, மென்மை பெண்ணுக்குரியது என்னும் பிரிவினையை நெடுங்காலம் கேள்வியின்றி ஏற்றுக்கொண்ட துறைகளுள் மற்போரும் ஒன்று. கட்டணம் வாங்கிக் கூட்டத்தின் முன் நடத்தப்படும் தொழில்முறை மற்போரில் பெண்கள் அடியெடுத்து வைத்த வரலாற்றில் வெற்றியும் உண்டு, கல்லடியும் உண்டு. அவ்வரலாற்றின் சில பகுதிகளை இக்கட்டுரை விளக்குகிறது.

பனையடியில் நின்றவள்

மற்போர் தமிழர்க்குப் புதிதன்று. பல்லவ மன்னன் முதலாம் நரசிம்மவர்மன் 'மாமல்லன்' என்னும் பட்டப்பெயரால் வழங்கப்பட்டான். மாமல்லபுரம் இன்றும் அப்பெயரைத் தாங்கி நிற்கிறது. அதற்கும் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே புறநானூறு ஒரு மற்போரைப் பதிவுசெய்துள்ளது. உறையூர்த் தித்தனின் மகன் போரவைக் கோப்பெருநற்கிள்ளி, ஆமூர் மல்லனோடு பொருது வென்ற நிகழ்ச்சி அது. சாத்தந்தையார் அதனைப் பாடினார். அதே கிள்ளியைப் பெருங்கோழி நாய்கன் மகள் நக்கண்ணையாரும் பாடினார். அவருடைய 85ஆம் பாடலில் வெற்றி கிள்ளிக்கே என்கின்றனர் ஒருசாரார். இல்லை என்கின்றனர் மறுசாரார். சிலம்பு ஒலிக்க ஓடிவந்த பெண்ணொருத்தி, தன் இல்லத்துப் பனைமரத்தைச் சார்ந்து நின்று, அவன் வென்றதைத் தான் கண்டதாகக் கூறுகிறாள்.

சங்கப் பாடலில் பெண்ணுக்கு வாய்த்த இடம் அந்தப் பனையடிதான். அதனைச் சிற்றிடம் என்று தள்ளிவிட வேண்டியதில்லை. போட்டியின் முடிவை அவள் வாய்மொழியாகவே நாம் அறிகிறோம். எனினும் அவள் பார்ப்பவளே. களத்துள் கால்வைத்தவள் அல்லள்.

இருவகை மற்போர்

மேலே செல்லுமுன் ஒன்றைத் தெளிவுபடுத்திக்கொள்வோம். ஒலிம்பிக்கில் நடைபெறுவது புள்ளிக்கணக்கும் எடைப்பிரிவும் கொண்ட போட்டி மற்போர். தொலைக்காட்சியில் வண்ணவிளக்குகளுக்கிடையே, கயிறு கட்டிய சதுர மேடையில் நாம் காண்பது காட்சி மற்போர். பின்னதில் யார் வெல்ல வேண்டும் என்பது முன்கூட்டியே முடிவு செய்யப்பட்டிருக்கும். ஆகவே அது பொய் என்று சிலர் எள்ளுவர். கூத்தில் துரியோதனன் வீழ்வதும் முன்பே தெரிந்ததுதான். அதற்காகக் கூத்துக்கலைஞரின் உழைப்பைப் பொய் என்பாரில்லை. உயரத்திலிருந்து முதுகு தரையில் மோத விழுபவருக்கு வலி உண்மையானது, முறிவும் உண்மையானது. ஆனால் முடிவை எழுதுபவர் வேறொருவர் என்பதால், யாருக்கு எத்தனை நிமிடம், யாருக்கு இறுதிப் போட்டி என்பதெல்லாம் அவர் கையில் இருக்கிறது. காட்சி மற்போரில் பெண்கள் நடத்திய போராட்டம் பெரிதும் அந்த நிமிடங்களுக்காகவே.

ஹமீதா பானு

இந்தியாவில் இவ்வரலாறு உத்தரப்பிரதேசத்தைச் சேர்ந்த ஹமீதா பானுவிடம் தொடங்குகிறது. 'அலிகாரின் அமேசான்' என்று செய்தித்தாள்கள் அவரை அழைத்தன. ஐந்தடி மூன்றங்குல உயரம். 108 கிலோ எடை. அவர் ஒரு நாளில் உண்ணும் பால், முட்டை, இறைச்சி, பாதாம் ஆகியவற்றின் அளவையெல்லாம் பத்திரிகைகள் பட்டியலிட்டு வெளியிட்டன. ஆண் பயில்வான் எவருடைய உணவையும் அவ்வளவு வியப்போடு எவரும் எண்ணிப் பார்த்திருப்பாரா என்பது ஐயமே.

தம்மோடு பொருதுவதற்குப் பெண்கள் கிடைக்காமையால் ஹமீதா ஆண்களை அழைத்தார். 1954 பிப்ரவரியில், தம்மை வெல்பவரை மணந்துகொள்வதாக அவர் விடுத்த அறைகூவல் நாடெங்கும் பேசப்பட்டது. பட்டியாலாவைச் சேர்ந்த ஒருவரும் கொல்கத்தாவைச் சேர்ந்த ஒருவரும் தோற்றனர். மே மாதம் பரோடாவில் மூன்றாவது போட்டி. எதிர்நிற்க வேண்டியிருந்த சோட்டே காமா, பெண்ணோடு பொருதமாட்டேன் என்று விலகிக்கொண்டார். அவருக்குப் பதிலாக வந்த பாபா பயில்வான் களத்தில் நின்றது 1 நிமிடம் 34 நொடிகள்! அதே ஆண்டு மும்பையில், ரஷ்யாவின் 'பெண் கரடி' என்று விளம்பரம் செய்யப்பட்ட வேரா சிஸ்டிலினை ஒரு நிமிடத்திற்குள் வீழ்த்தினார்.

வென்ற இடமெல்லாம் மாலை விழவில்லை. கோலாப்பூரில் ஆண் ஒருவரை வென்றபோது கூட்டம் கூச்சலிட்டுக் கல்லெறிந்தது. காவல்துறையினர் தலையிட நேர்ந்தது. புனேயில் நடக்கவிருந்த போட்டி, மற்போர்க் கூட்டமைப்பின் எதிர்ப்பால் நின்றுபோனது. தடை குறித்து அன்றைய பம்பாய் மாநில முதலமைச்சர் மொரார்ஜி தேசாயிடம் ஹமீதா முறையிட்டார். பெண் என்பதற்காகத் தடை விதிக்கப்படவில்லை, அவருக்கெதிராகப் போலிப் போட்டியாளர்கள் நிறுத்தப்படுவதாகப் புகார்கள் வந்ததே காரணம் என்பது அவருக்குக் கிடைத்த விடை. அப்புகார் முற்றிலும் ஆதாரமற்றது என்று கூற நம்மிடம் சான்றில்லை. அக்காலத் தொழில்முறைக் களத்தில் ஒப்பந்த வெற்றிகள் அரியன அல்ல. ஆயினும் அந்த ஐயம் ஆண் பயில்வான்களின் கோதாக்களை மூடிவிடவில்லை என்பதை எண்ணிப் பார்க்க வேண்டும்.

ஐரோப்பா சென்று பொருத விரும்பிய ஹமீதா, விரைவில் களத்திலிருந்தே மறைந்தார். பயணத்தைத் தடுக்க அவருடைய பயிற்சியாளரே அவர் கையை அடித்து முறித்தார் என்பது குடும்பத்தார் பிற்காலத்தில் கூறிய செய்தி. மும்பையை அடுத்த கல்யாணில் பால் விற்றும், சாலையோரத்தில் தின்பண்டம் விற்றும் வாழ்ந்து 1986இல் மறைந்தார்.

உடலின் மீது விழும் கண்கள்

பொதுவெளியில் பெண்ணுடல் இயங்கும்போதெல்லாம் இத்தகைய பார்வை எழுவதைப் புதுக்கோட்டை மாவட்டம் நன்கறியும். 1990களின் தொடக்கத்தில் அறிவொளி இயக்கத்தின்போது இம்மாவட்டத்து ஊரகப் பெண்கள் ஆயிரக்கணக்கில் மிதிவண்டி ஓட்டக் கற்றனர். தண்ணீர்க்குடத்தைக் கட்டிக்கொண்டும் குழந்தையை முன்னே அமர்த்திக்கொண்டும் சென்ற அவர்களும் கேலிச்சொற்களைக் கடந்தே சென்றனர். மிதிவண்டி என்பது ஊர்தி. அதற்கே அவ்வளவு பேச்சு. மற்போரைக் கேட்கவா வேண்டும்!

பார்வை சில நேரங்களில் சோதனையாகவும் மாறுகிறது. இம்மாவட்டத்தின் கத்தக்குறிச்சியைச் சேர்ந்த சாந்தி சௌந்தரராஜன், 2006 தோஹா ஆசிய விளையாட்டுப் போட்டியில் 800 மீட்டர் ஓட்டத்தில் வெள்ளிப்பதக்கம் வென்றார். பாலினச் சோதனையைக் காரணம் காட்டி அப்பதக்கம் திரும்பப் பெறப்பட்டது. ஓடிய கால்களைவிட, ஓடியவர் யார் என்னும் விசாரணையே பெரிதாகப் பேசப்பட்டது. அவர் பின்னாளில் தடகளப் பயிற்சியாளராகி இளையோரை உருவாக்கினார்.

மண்ணிலிருந்து மெத்தைக்கு

ஒலிம்பிக்கில் பெண்களுக்கான மற்போர் சேர்க்கப்பட்டது 2004 ஏதென்ஸ் போட்டியில்தான். நவீன ஒலிம்பிக் தொடங்கிய 1896ஆம் ஆண்டிலேயே ஆண்கள் மற்போர் இடம்பெற்றுவிட்டதை ஒப்புநோக்குக. தில்லியில் சந்தகி ராம் தம் மகள்களைக் கோதாவில் இறக்கியபோது மரபுவழிப் பயில்வான்கள் கடுமையாக எதிர்த்தனர். அரியானாவின் பலாலி என்னும் சிற்றூரில் மகாவீர் சிங் போகாட் தம் மகள்களையும் தம்பி மகள்களையும் பயிற்றுவித்தார். அவர்களுள் மூத்தவரான கீதா போகாட் 2010 தில்லி காமன்வெல்த் போட்டியில் தங்கம் வென்றார். 2016 ரியோவில் சாக்‌ஷி மாலிக், 0–5 எனப் பின்தங்கியிருந்த ஆட்டத்தை 8–5 எனத் திருப்பி வெண்கலம் பெற்றார். ஒலிம்பிக் மற்போரில் இந்தியப் பெண் ஒருவர் பெற்ற முதல் பதக்கம் அது. அதற்குச் சில மாதங்கள் முன்பு, 2015 டிசம்பரில் தொடங்கிய புரோ ரெஸ்லிங் லீக் என்னும் தொழில்முறைத் தொடரில் ஆண்களோடு பெண்களும் ஏலத்தில் எடுக்கப்பட்டனர். ஒவ்வோர் அணியிலும் பெண்களுக்கு இடம் இருந்தது.

பதக்கங்கள் எல்லாவற்றையும் சரிசெய்துவிடவில்லை. 2023இல் சாக்‌ஷி மாலிக், வினேஷ் போகாட் உள்ளிட்டோர், வீராங்கனைகள் மீதான பாலியல் துன்புறுத்தல் குறித்து நடவடிக்கை வேண்டித் தில்லி ஜந்தர் மந்தரில் பல வாரங்கள் அமர்ந்திருந்தனர். களத்தில் பிடிகளிலிருந்து விடுவித்துக்கொள்ளத் தெரிந்தவர்கள், களத்திற்கு வெளியே பாதுகாப்புக் கேட்டுச் சாலையில் அமர நேர்ந்தது. அவ்வாண்டு டிசம்பரில் சாக்‌ஷி போட்டிகளிலிருந்து விலகுவதாக அறிவித்தார். வினேஷ் மறு ஆண்டு பாரிஸ் ஒலிம்பிக்கின் இறுதிப்போட்டிவரை முன்னேறி, போட்டியன்று காலையில் 100 கிராம் எடை கூடியிருந்ததால் தகுதியிழந்தார்.

நொடியிலிருந்து நிமிடத்திற்கு

காட்சி மற்போருக்குத் திரும்புவோம். அமெரிக்காவில் 1930களிலும் 40களிலும் மில்ட்ரெட் பர்க் புகழ்பெற்ற வீராங்கனையாக விளங்கினார். ஆயினும் நியூயார்க் மாநிலத்தில் பெண்களின் தொழில்முறை மற்போருக்கு இருந்த தடை 1972இல்தான் நீங்கியது. ஜப்பானில் 1968இல் பெண்களுக்கெனவே தனி நிறுவனம் தோன்றி, 1980களில் அதன் வீராங்கனைகளைப் பள்ளி மாணவியர் திரண்டுவந்து பார்த்தனர். அமெரிக்க நிறுவனங்களோ பெண்களை அழகுப் பொம்மைகளாகவே நெடுங்காலம் மேடையேற்றின. உலகின் மிகப்பெரிய மற்போர் நிறுவனமான டபிள்யூடபிள்யூஇயில் அவர்களுக்கு வீராங்கனை என்னும் பெயர்கூட இல்லை. 'டீவாக்கள்' என்றே அழைக்கப்பட்டனர். 2015 பிப்ரவரியில் நான்கு பெண்கள் மோதிய ஆட்டம் ஏறத்தாழ 30 நொடிகளில் முடிக்கப்பட்டது. பார்வையாளர்கள் பொங்கி எழுந்து, பெண்களுக்கு வாய்ப்புக் கொடுங்கள் என்று சமூக ஊடகங்களில் முழங்கினர். மறு ஆண்டு 'டீவா' என்னும் பட்டம் கைவிடப்பட்டு, மகளிர் வாகையர் பட்டம் வந்தது. 2019 ஏப்ரலில் அந்நிறுவனத்தின் ஆண்டுப் பெருவிழாவான ரெஸில்மேனியாவின் நிறைவுப் போட்டியில் முதன்முறையாகப் பெண்கள் மோதினர். பெக்கி லிஞ்ச், ரோண்டா ரௌசி, சார்லட் ஃபிளேர் ஆகிய மூவரும் களத்தில் நின்றது இருபது நிமிடங்களுக்கும் மேல்.

இவ்வலையின் நடுவில்தான் அரியானாவைச் சேர்ந்த கவிதா தேவி வருகிறார். பளுதூக்குதலில் 2016 தெற்காசிய விளையாட்டுப் போட்டியில் தங்கம் வென்றவர். ஒரு குழந்தையின் தாய். ஜலந்தரில் 'தி கிரேட் காளி' நடத்தும் மற்போர்ப் பள்ளியில் சேர்ந்தார். 2016இல் அங்கு நடந்த நிகழ்ச்சியில், தன்னோடு மோத எவரேனும் உண்டா என்று வீராங்கனை ஒருவர் கூட்டத்தை நோக்கி அறைகூவ, பார்வையாளர் வரிசையிலிருந்து கவிதா எழுந்து வந்தார். அக்காணொலி உலகெங்கும் பரவியது. மறு ஆண்டு அமெரிக்காவில் நடந்த 'மே யங் கிளாசிக்' தொடரில், காவிநிறச் சல்வார் கமீஸ் அணிந்து, துப்பட்டாவை இடுப்பில் இறுகக் கட்டிக்கொண்டு களமிறங்கினார். முதற்சுற்றிலேயே டகோடா காயிடம் தோற்றார். ஆனால் எதிராளியைத் தலைக்குமேல் தூக்கிய காட்சியைப் பார்த்தவர் மறக்கவில்லை. அவ்வாண்டு அக்டோபரில் டபிள்யூடபிள்யூஇயின் முதல் இந்தியப் பெண் வீரராக ஒப்பந்தமானார். 2018 ரெஸில்மேனியாவில் பெண்கள் பலர் ஒருசேர மோதிய போட்டியிலும் நின்றார். 2021இல் அந்நிறுவனத்திலிருந்து விடைபெற்றார். அந்நான்கு ஆண்டுகளில் அவருக்குக் கிடைத்த தொலைக்காட்சி நிமிடங்கள் மிகச் சிலவே.